பின்கதவு இல்லாத விமானம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு டெல்லி போயிருந்தோம். பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் வெயிலில் நிற்கும் ‘பேக்கட்’ என்ற பழைய சரக்கு விமானத்தைப் பார்த்தோம். நீங்கள் ஏர்மேனாக இருந்தபோது அதில்தான் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். பெரிய பெட்டி, இரண்டு வால், முதுகில் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஜெட் எஞ்சின். ஒன்பதாவது படிக்கும் என் மகன் “இதுக்கு ஏம்ப்பா மூணு எஞ்சின்?” என்றான். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இப்போதைய சி-17 சரக்கு விமானத்தோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டான். எதிலுமே பேக்கட் தேறவில்லை (இணைத்திருக்கிறேன்). இவ்வளவு மெதுவான விமானத்தைப் போருக்கு எதற்கு வைத்திருந்தார்கள்? சுலபமாகச் சுட்டுவிட மாட்டார்களா? அதில் வேலை பார்த்ததற்காக வருத்தப்பட்டதுண்டா? மகனுக்கு ஃபைட்டர் பைலட் ஆக ஆசை. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்,
நாமக்கல்

அன்புள்ள தம்பி,

அட்டவணை போட்ட பையனை ஒன்றும் சொல்லமாட்டேன். அந்த வயதுக்கு அது வேண்டியதுதான். அதை மெனக்கெட்டு எனக்கு அனுப்பிவைத்த அப்பாவை என்ன செய்வது? 1954ல் நம் படைக்கு வந்த விமானத்தை 2013ல் வந்ததோடு பக்கத்தில் நிறுத்தி எடை, வேகம், நீளம் என்று வரிசையாக நிரப்பியிருக்கிறீர்கள். எங்கே பறந்தது, எதைக் கொண்டுபோனது என்பதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

முதலில் பையனின் கேள்வி. கடிதத்தில் உருப்படியானது அதுதான். பேக்கட்டுக்கு இரண்டு பிஸ்டன் எஞ்சின்கள். ஒவ்வொன்றும் 18 சிலிண்டர், 3,500 குதிரைத்திறன். சமவெளியில் இருக்கும் ஆக்ராவில் அது தாராளம். லடாக்கில் லே விமானத்தளம் 10,600 அடிக்கு மேலே இருக்கிறது, சுற்றிலும் அதைப்போல இருமடங்கு உயரத்துக்கு மலை. காற்று மெலிந்த இடத்தில் எஞ்சினுக்கும் வலு குறையும், இறக்கைக்கும் தூக்குவிசை குறையும். பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபிறகு இரண்டில் ஒன்று நின்றால் மற்றதை மட்டும் நம்பி வெளியே வரமுடியாது. அதற்காகத்தான் முதுகில் ஒரு ஜெட். கிளம்பும்போதும் ஆபத்து நேரத்திலும் மட்டும் போடுவது. அது ஆர்ஃபியஸ் எஞ்சின், பெங்களூர் எச்.ஏ.எல். செய்தது. நாட் போர்விமானத்தில் இருந்ததும் அதே எஞ்சின்தான். 1965ல் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியதென்று எல்லாரும் கொண்டாடுகிறார்களே, அந்த நாட். நீங்கள் “சம்பந்தமே இல்லாமல்” என்று எழுதியது அதைத்தான்.

அடுத்து, “மெதுவான விமானம் எதற்கு?” இதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீங்கள் அல்ல. கொஞ்ச நாளாக 1962 சீனப் போர் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தை மூடினாலும் மனம் சாங்தாரை விட்டு நகர மறுக்கிறது. வடகிழக்கே திபெத் எல்லையில், தாக்லா முகட்டுக்குக் கீழே நம்கா சூ ஆற்றங்கரையில் நம் ராணுவத்தின் 7ஆம் பிரிகேட் நின்றது. பருத்திச் சீருடை, எண்ணிக் கொடுத்த தோட்டா. சாலை கிடையாது. அரிசி, போர்வை, குண்டு எல்லாமே சாங்தார் என்ற இடத்தில் வானத்திலிருந்து விழவேண்டும். 14,000 அடிக்கு மேல், குறுகலான ஒரு சரிவு. விழுந்ததில் பெரும்பங்கு உருண்டு பள்ளத்தில் போயிற்று. எடுக்கப் போக ஆளும் இல்லை, பலமும் இல்லை. அக்டோபர் 20 காலையில் சீனர்கள் அடித்தபோது அங்கே இருந்தவர்களுக்கு வயிறும் நிரம்பவில்லை, தோட்டாப்பையும் நிரம்பவில்லை. இதைப் படிக்கிற எல்லாரும் நேருவையோ ஜெனரல்களையோ திட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த மூட்டைகள்தான் கண்ணில் நிற்கின்றன.

ஏன் பள்ளத்தில் விழுந்தன? ஒரு கணக்கு சொல்கிறேன், பையனை உட்காரவைத்துப் போடச்சொல்லுங்கள். விமானம் மணிக்கு 200 கிலோமீட்டரில் போகிறது. அதாவது ஒரு நொடிக்கு 55 மீட்டர். பின்னால் நிற்பவர்கள் மூட்டைகளைத் தள்ளி முடிக்க ஆறு நொடி ஆகிறது. முதல் மூட்டைக்கும் கடைசி மூட்டைக்கும் நடுவில் 330 மீட்டர். டி.இசட். என்று நாங்கள் சொல்லும் அந்தப் போடுகளத்தின் நீளமே சில இடங்களில் அவ்வளவு இருக்காது. இதில் இன்னொரு சங்கடம். வேகமானியில் 200 காட்டினாலும் 15,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால் விமானம் உண்மையில் 250க்குப் போய்க்கொண்டிருக்கும். இப்போது 400க்குக் குறைந்தால் கீழே விழுந்துவிடும் ஒரு நல்ல, நவீனமான, வேகமான விமானத்தைக் கொண்டுவந்து இதே கணக்கைப் போடுங்கள். மாவு ஒரு மலையில், மண்ணெண்ணெய் அடுத்த மலையில். மெதுவாகப் பறக்கத் தெரிந்த விமானம்தான் சிப்பாய்க்குச் சோறு போடும். அவன் அட்டவணையில் எதைக் குறை என்று போட்டிருக்கிறானோ அதுதான் அதன் வேலை.

ஒருமுறை பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன், லடாக்கில் ஒரு டி.இசட்.டுக்கு. சாமான் போடும் நாளில் பேக்கட்டின் பின்கதவுகளைக் கழற்றித் தரையிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். பறக்கும்போது அவற்றைத் திறக்க முடியாது. ஆக விமானத்தின் பின்பக்கம் முழுவதும் திறந்த வாசல். ராணுவ சர்வீஸ் கோர் ஆட்கள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அந்த வாசலோரம் நின்றார்கள். குளிர் என்று சொன்னால் போதாது. காது கேட்கவில்லை, விரல் இருக்கிறதா என்று தெரியவில்லை. கீழே மலை நகர்வது நன்றாகத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். மணி அடித்ததும் தள்ளினார்கள். சுற்றி வந்து மறுபடி மணி, மறுபடி தள்ளல். அவர்களில் ஒருவர் மதுரைப் பக்கம். இறங்கியபின் நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்க மெஸ்ல சாம்பார் எப்படி?”

எஞ்சினைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. ஒரு எஞ்சினுக்கு 36 ஸ்பார்க் பிளக் என்பதோடு நிறுத்துகிறேன். இல்லை, இன்னொன்று. இரவெல்லாம் நின்றால் அடிச்சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உடையும். ஆகையால் விடியற்காலையில் நாலைந்து பேர் சேர்ந்து புரொப்பெல்லரைக் கையால் இழுத்துச் சுற்றவேண்டும். ஆக்ராவின் டிசம்பர் பனியில் அந்த உலோகத்தைத் தொடுவதே தண்டனை. எங்கள் வாரண்ட் ஆபீசர் ஆற்காட்டுக்காரர், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர். எங்கேயாவது இறுகினால் அங்கேயே நிறுத்தச் சொல்வார். “பலத்தைக் காட்டாதடா. அது உங்கிட்ட எதையோ சொல்லுது. என்னன்னு கேளு” என்பார். பிறகு அடிப்பக்கத்துப் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு சுற்றவிடுவார். வருத்தப்பட்டதுண்டா என்று கேட்டீர்கள் அல்லவா? அந்த விடியற்காலைகளில் தினமும் உண்டு. காலை எட்டு மணிக்கு மேல் கிடையாது.

சரி, எங்கே விட்டேன்? சோறு. நம் பழைய புலவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஒரு சேரனுக்குப் பெயரே பெருஞ்சோற்று உதியன் சேரலாதன். பாரதப் போரில் இரண்டு படைக்கும் சோறு போட்டான் என்று பாடினார்கள். எத்தனை தலை விழுந்தது என்று எண்ணுவதைப்போலவே எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எண்ணுவதும் ஒரு அரசனுக்குப் பெருமை என்று தெரிந்திருந்தது. இன்றைக்கு ஒரு சாகச வீடியோவில் ஃபைட்டர் புகை கக்கிக்கொண்டு போகிறது, பத்து லட்சம் பேர் பார்க்கிறார்கள். மாவு மூட்டை போட்டவனை யார் பார்த்தது? விமானப்படைக்கே இது தெரியும். எங்கள் 12ஆம் ஸ்குவாட்ரனுக்குப் பெயர் யாக், அதாவது இமயமலையின் சடை எருமை, 48ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஒட்டகம். கழுகையும் புலியையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சுமை தூக்குகிறவர்கள் சுமை தூக்கும் மிருகங்களையே எடுத்துக்கொண்டார்கள். யாரும் வெட்கப்படவில்லை.

லடாக்கின் வடகோடியில், காரகோரம் கணவாய்க்குப் பக்கத்தில் தவ்லத் பேக் ஓல்டி என்று ஒரு இடம். 16,600 அடி. 1962 ஜூலை 23 அன்று ஸ்குவாட்ரன் லீடர் ராஜே அங்கே வெறும் கல்லும் மண்ணுமான தரையில் ஒரு பேக்கட்டை இறக்கினார். அறுபதுகளின் நடுவில் அந்தத் தளம் நின்றுபோயிற்று. 2008 மே 31ல்தான் ஒரு ஆன்டனோவ்-32 சரக்கு விமானம் அங்கே திரும்ப இறங்கியது. உங்கள் அட்டவணையில் தேறாத விமானம் முதலில் போய்விட்டு வந்த இடத்துக்கு மறுபடி போக நமக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சுட்டுவிட மாட்டார்களா என்கிறீர்கள். சுடுவார்கள். சுடாத இடத்துக்கு, சுடமுடியாத நேரத்துக்கு அனுப்புவது மேலே இருப்பவர்களின் வேலை. 1971 டிசம்பர் 11 மாலையில், இன்றைய பங்களாதேஷில் இருக்கும் டாங்காயிலில் 2ஆம் பாரா பட்டாலியனைப் பாராசூட்டில் குதிக்கவிட்டது இந்த மெதுவான கூட்டம்தான். பேக்கட், டகோட்டா, ஆன்டனோவ்-12, கரிபூ. அதைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று, தேடிப் படியுங்கள்.

மகனுக்கு ஒரு வார்த்தை கேட்டீர்கள். கணக்கும் இயற்பியலும் விடாமல் படிக்கட்டும், கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டாவது படிக்கும்போதே என்.டி.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு எழுதலாம். தேறிப் போனால், பறக்கும் பயிற்சியின் நடுவில் ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். நினைத்தது எல்லாருக்கும் கிடைக்காது. பையன் ஃபோனில் “டிரான்ஸ்போர்ட் போட்டுட்டாங்கப்பா” என்றால் நீங்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசக்கூடாது, சொல்லிவிட்டேன். டிரான்ஸ்போர்ட் பயிற்சி பெங்களூருக்குப் பக்கத்தில் யெலஹங்காவில். நாமக்கல்லிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம். முறுக்கு ஏதாவது கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்