லண்டனுக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: என் தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஜூன் மாதம் தனியாக லண்டன் போகிறார். வயது 68, சர்க்கரை உண்டு. டிக்கெட்டில் இரவு 11.30க்குப் புறப்பாடு, காலை 6.10க்கு இறக்கம். 6 மணி 40 நிமிடம்தானே? இணையத்தில் 10,600 கிலோமீட்டர், 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எது சரி?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும் சரியில்லை. உங்கள் அம்மா விமானத்துக்குள் இருக்கப்போவது 13 மணி 40 நிமிடம்.

புறப்படும் நேரம் நம் மலேசிய நேரம், இறங்கும் நேரம் லண்டன் நேரம். ஜூனில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால். அதைக் கூட்டிப் பாருங்கள். 6.10க்குப் பக்கத்தில் சின்னதாக ‘+1’ இருந்தால் மறுநாள் என்று அர்த்தம்.

அந்த 12 மணி நேரம், தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்த கணக்கு. ஆனால் விமானம் நூல் பிடித்த மாதிரி போக முடியாது. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரேனில் நம் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. 2022 பிப்ரவரியிலிருந்து அந்த நாட்டு வான்வெளியே பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. சுற்றித்தான் போக வேண்டும், தாராளமாகச் சுற்றட்டும். மேலே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வேறு எதிர்க்கும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் தள்ளுவதால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

சரி, அம்மாவின் பயணம் விமானத்திலா தொடங்குகிறது? உங்கள் வீட்டிலிருந்து சிப்பாங் விமான நிலையம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். 8.30க்கு அங்கே இருக்க வேண்டுமானால் மாலை 4 மணிக்கே காரில் ஏற வேண்டும். லண்டனில் குடிநுழைவு வரிசையும் பெட்டியும் முடிந்து வெளியே வரும்போது 22 மணி நேரம் தாண்டிவிடும். தயவுசெய்து அவரிடம் “தூங்கி எழுந்தால் லண்டன்” என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

என் அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார். அம்மாவும் அதை நம்பி ஒரு வேளை மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டார். 30 வருடம் விடியுமுன்னே பால் மரம் சீவப் போன கால், இறங்கும்போது வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தார்.

அதனால் இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எந்த மாத்திரை எப்போது என்று கேட்டு, மலேசிய நேரத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கைக்கடிகாரத்தை லண்டனில் இறங்கும்வரை மாற்ற வேண்டாம். மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, அடியில் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள், அப்போதுதான் அடிக்கடி எழுந்து நடப்பார். சக்கர நாற்காலி கேட்க அவர் கூச்சப்படுவார். நீங்களே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், தங்கையிடமும் சொல்லுங்கள்: விமானம் 6.10க்கு இறங்கினாலும் அம்மா வெளியே வர 8 மணிகூட ஆகலாம். நிறைமாதத்தில் அவர் அங்கே வந்து நின்றுகொண்டிருக்க வேண்டாம், மாப்பிள்ளை வரட்டும்.