முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு எந்த செடான்?

கேள்வி: நான், மனைவி, எழுபதைக் கடந்த பெற்றோர், பத்து வயது மகள் என நாங்கள் ஐந்து பேர். அடிக்கடி காரில் சென்னை சென்று வருகிறோம். ஓட்டுநர் கிடையாது, நானே ஓட்டுவேன். மெர்சிடிஸ் சி-கிளாஸ், பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமோசின் ஆகிய இரண்டில் ஒன்றை வாங்கலாமா, கூடுதல் கடன் பெற்று மெர்சிடிஸின் பெரிய செடானான இ-கிளாஸ் வாங்கிவிடலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அம்மாவின் முழங்காலிலிருந்தே தொடங்குவோம். செடானில் இருக்கை தாழ்வாக இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பயணத்தைவிட ஏறி இறங்குவதுதான் பெரும் சிரமம். ஆகவே அவரை முன்னிருக்கையில் அமர்த்துவதே நல்லது என்பேன். அந்தப் பக்க இருக்கையையும் மின்விசையால் உயர்த்த முடிகிறதா என்று விசாரியுங்கள். உயர்த்திப் பின்னால் தள்ளிவிட்டால், காலை மடக்காமல் திரும்பி இறங்க அவருக்கு எளிதாக இருக்கும்.

அப்படிச் செய்தால் பின்னிருக்கையில் அப்பா, மனைவி, மகள் என மூவர் அமர வேண்டும். சி-கிளாஸின் வீல்பேஸ், அதாவது முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம், 2,865 மி.மீ.; கிரான் லிமோசினுக்கு 2,961 மி.மீ. என்பதால், முன்னிருக்கையைப் பின்னால் தள்ளிய பிறகும் கால் நீட்ட இடம் மிஞ்சும். ஆனால் இரண்டிலுமே தரையின் நடுவில் மேடு உண்டு. நடுவில் அமரும் உங்கள் மகள் இரு பக்கமும் கால்களைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் ஏறத்தாழ 500 கி.மீ. வர வேண்டும், அவளையும் ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கால் நீட்ட இடமிருப்பதாலேயே இருக்கை சுகமாகிவிடாது. பின்னால் அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, முழங்காலுக்குச் சற்று முன்பாகத் தொடைக்கும் மெத்தைக்கும் இடையே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் தொடைக்குத் தாங்கல் போதவில்லை என்று பொருள்; உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்கி, விழுப்புரம் வருவதற்குள் அப்பாவுக்கு முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். இதைச் சோதிக்கும் முன், ஓட்டுநர் இருக்கையை நீங்கள் வழக்கமாக ஓட்டும் உயரத்துக்கும் தொலைவுக்கும் மாற்றிவிடுங்கள். முன்னிருக்கையை முழுதாக இறக்கினால், பின்னால் இருப்பவரின் பாதம் அதன் அடியில் நுழையாத கார்களும் உண்டு.

இந்தியாவில் விற்கப்படும் இ-கிளாஸ் 3,094 மி.மீ. வீல்பேஸ் கொண்ட நீண்ட வகை. சாய்ந்துகொள்ளும் பின்னிருக்கை அதன் பெருமை. ஓட்டுநர் வைத்துக்கொண்டு பின்னால் இருவர் மட்டும் செல்லும் குடும்பத்துக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூவர் நெருங்கி அமரும் உங்கள் வீட்டுக்கு அந்தச் சொகுசு பாதிதான் பயன்படும். ஐந்து மீட்டரைத் தாண்டும் நீளமோ அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் தினமும் தொல்லை தரும். அதற்காகக் கடனைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். அம்மா சிரமமின்றி ஏறி இறங்கினால் கிரான் லிமோசினையே எடுங்கள்.

பெரிய சக்கரமும் பக்கச்சுவர் குறைந்த டயரும் அழகாகத் தெரிந்தாலும், சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகுக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால், டெஸ்ட் டிரைவைப் புறவழிச்சாலையோடு முடித்துக்கொள்ளாமல் உங்கள் தெருவுக்குள்ளும் ஓட்டிவரச் சொல்லி, நீங்கள் பின்னால் அமருங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சில சொகுசு கார்களில் அது டிக்கியின் தரைமேலேயே கிடந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் உள்ள லிட்டர் கணக்கை நம்பாமல், நீங்கள் சென்னைக்கு எடுத்துச் செல்லும் பெட்டிகளையே கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிடுங்கள்.