ரெண்டு மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் ஏன் கூட ஏறுகிறது? பி.எட். படிக்கும் மகளின் அப்பாவுக்கு

அண்ணே, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எட். இரண்டாம் ஆண்டு, உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி, இது ஆறாவது வாரம், போன வியாழக்கிழமை வகுப்பில் ஏதோ ஆகிவிட்டது, வீட்டுக்கு வந்து அழுதாள், "எனக்கு இந்த வேலை சரிப்படாதுப்பா, பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன்" என்கிறாள், அன்று ராத்திரி 11 மணிக்கு எழுந்து பார்த்தால் அடுப்படியில் தட்டில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாள், எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவிடம் முக்கால் மணி நேரம் போனில் பேசினேன். உங்களிடம் அவள் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது, அதனால் அவள் சம்மதத்தோடு நான் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பு, காற்றுப் பாடம். 34 பிள்ளைகள். தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். திரி அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். நாமெல்லாம் படித்த சோதனைதான். பிள்ளைகள் கையாலேயே செய்யட்டும் என்று ஆறு குழுவாகப் பிரித்திருக்கிறாள். ஃபேன் ஓடினால் சுடர் நிற்காது என்பதால் ஃபேனை நிறுத்தியாயிற்று, வெக்கை, சத்தம், ஒரு தட்டு கவிழ்ந்து நோட்டெல்லாம் மஞ்சள். அதையும் சமாளித்து, "டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜனை மெழுகுவர்த்தி எரித்துவிட்டது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அந்த இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறியது" என்று சொல்லி முடித்திருக்கிறாள்.

கடைசிக் குழுவில் ஒரு பையன். மெழுகுவர்த்தி மிச்சம் கிடக்கிறதே என்று தன் தட்டில் இரண்டை நட்டுவைத்திருக்கிறான். அவன் டம்ளரில் மட்டும் தண்ணீர் கூடுதலாக ஏறியிருக்கிறது. எழுந்து கேட்டிருக்கிறான்: "டீச்சர், எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான, உள்ள இருக்குற காத்தும் ஒரே அளவுதான, அப்பறம் ஏன் ரெண்டு வச்சா மட்டும் தண்ணி கூட ஏறுது?"

பாப்பாவுக்கு வாய் அடைத்துவிட்டது. "அப்புறம் சொல்றேன், உட்காரு" என்றிருக்கிறாள். மணி அடித்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியர் அவளுடைய பாடக்குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்: பாடப்பொருள் அறிவு போதாது, வகுப்புக் கட்டுப்பாடு இல்லை. இவ்வளவுதான் நடந்தது.

அண்ணே, அந்தப் பையன் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுத்தவள். இதே சோதனையை 11 வருடம் மேஜைமேல் நானே செய்து காட்டினேன், பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. கேட்க வழியே இல்லை, ஏனென்றால் இரண்டாவது மெழுகுவர்த்தியை நட்டுவைக்கும் வாய்ப்பை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த 11 வருடமும் நான் சொல்லிக்கொடுத்த விளக்கம் தவறு. இதை எழுதும்போது இன்றும் மனசு கனக்கிறது.

பாப்பா, இதை அப்பாவோடு சேர்ந்து நீயும் படிப்பாய் என்பதால் இனி உன்னிடமே பேசுகிறேன். பையன் சொன்னது சரி. தண்ணீர் ஏறுவதற்குப் பெரும்பங்குக் காரணம் சூடு. டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்து கிடக்கிறது, கொஞ்சம் விளிம்பு வழியாகக் குமிழிட்டு வெளியேறியும் விடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிச்சமிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இரண்டு மெழுகுவர்த்தி என்றால் சூடு கூடுதல், சுருக்கமும் கூடுதல். ஆக்சிஜன் செலவாவது உண்மைதான், ஆனால் அந்த இடத்தின் பெரும்பகுதியைக் கார்பன் டை ஆக்சைடு பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் முழுதும் தீரும்வரை சுடர் எரிவதும் இல்லை, நிறைய மிச்சம் இருக்கும்போதே அணைந்துவிடும். இதற்கெல்லாம் சாட்சி வேண்டுமென்றால் தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று பார். எரிந்துகொண்டிருக்கும்போது பெரிதாக ஏறாது, அணையும் நேரத்திலும் அணைந்த பிறகும்தான் சரசரவென்று ஏறும்.

நீ இதை வியாழக்கிழமை ராத்திரியே பார்த்துவிட்டாய் என்று போனில் சொன்னாய். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், டம்ளரில் பேனாவால் கோடு போட்டேன் என்றாய். அழுது முடித்த கண்ணோடு 11 மணிக்கு எழுந்துபோய் அதைச் செய்யச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. அண்ணே, நீங்கள் பயந்த அந்த அடுப்படிக் காட்சிதான் எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயமாகப் பட்டது. வகுப்பில் தடுமாறிய பயிற்சி ஆசிரியர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர்கள் ரொம்பக் குறைவு. அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்பதைக் கவனியுங்கள், அது பெற்றவர்கள் பார்க்க வேண்டியதுதான். அந்த மெழுகுவர்த்திக்கு மட்டும் பயப்படாதீர்கள்.

வழிகாட்டி ஆசிரியர் எழுதியதில் பாதி நியாயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாப்பா நோட்ஸைப் படித்தாளே தவிர, வகுப்புக்கு முன்னால் அந்தச் சோதனையை ஒரு முறைகூடச் செய்து பார்க்கவில்லை. எந்தச் சோதனையானாலும் வீட்டில் மூன்று முறை செய்து பார்த்துவிடு, மூன்றாவது முறை வேண்டுமென்றே தப்பாகச் செய்து பார், பிள்ளைகள் என்னென்ன தப்புச் செய்வார்கள் என்பது உனக்கு முதல்நாளே தெரிந்துவிடும். இன்னொரு பாதி, கட்டுப்பாடு இல்லை என்பது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 34 பிள்ளைகள் கையில் பொருளோடு வேலை செய்தால் சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் ஆறு தட்டில் ஒரே நேரத்தில் நெருப்பு என்பது எனக்கும் உறுத்துகிறது. தீப்பெட்டி உன் கையைவிட்டுப் போகவே கூடாது, நீயே ஒவ்வொரு குழுவாகப் போய்ப் பற்றவை, பெண்பிள்ளைகளின் சடையும் துப்பட்டாவும் முன்னால் தொங்காமல் பார், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அந்த ஆசிரியரிடம் போய், "சார், அடுத்த வகுப்பை நீங்கள் எப்படி எடுப்பீர்கள்?" என்று கேள். குறிப்பில் கடுமையாக எழுதுகிற பலர் நேரில் கேட்டால் மனம் திறந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

சரி, பேங்க் எக்ஸாம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நல்ல வேலை. ஆனால் அவளுக்கு இப்போது 22 வயது. கிளார்க் தேர்வை 28 வயதுவரை எழுதலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு அதற்கு மேலும் சலுகை உண்டு. இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மொத்தம் 16 வாரம், அதில் ஆறு போய்விட்டது, இன்னும் பத்துதான். பயிற்சியை முடிக்காமல் பி.எட். கிடைக்காது, கட்டிய பணமும் போய்விடும். அழுத வாரத்தில் எடுக்கிற முடிவு வேண்டாம், 16 வாரமும் முடிந்து ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து பேசுங்கள்.

ஆசிரியர் வேலை என்றே முடிவானால் பாதை இதுதான். 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு பி.எட். படித்தவர்கள் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராக முடியாது, அது தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தவர்களுக்கு. ஆகவே டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாளை எழுத வேண்டும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. மொத்தம் 150 மதிப்பெண், பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. பி.எஸ்சி. இயற்பியல் என்பதால் அவளுக்குக் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60, மீதி குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம் தலா 30. டெட் வெறும் தகுதிதான் அண்ணே, அதைப் பாஸ் செய்தாலே வேலை என்று யாராவது பணம் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அதற்குப் பிறகு டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வும் உண்டு. எம்.எஸ்சி.யும் முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அறிவிப்புக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

காத்திருக்கும் காலத்தில் கை சும்மா இருக்கக் கூடாது. 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளிடம் அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டுபோகத்தான் அரசு 2022இல் வானவில் மன்றத்தைத் தொடங்கியது. இப்போது பயிற்சியில் இருக்கும் பள்ளிக்கு மன்றத்திலிருந்து சோதனை செய்து காட்டும் கருத்தாளர் வருகிறாரா என்று விசாரித்து, வந்தால் அன்று முழுக்க அவர் கூடவே நிற்கட்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மதுரைக் கூட்டங்களுக்கும் போய்ப் பார்க்கலாம். டவுனுக்கு வரும் நாளில் நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், புத்தகத்துக்குச் செலவு கிடையாது.

இனி நாளைய வேலை. பாப்பா, அந்தப் பையனிடம் "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறாய், அது வாக்கு. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "தம்பி கேட்ட கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை, வீட்டில் செய்து பார்த்தேன், இப்போது எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்று ஆரம்பி. விடையைச் சொல்லிவிடாதே. டம்ளரில் காகிதப் பட்டை ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று மெழுகுவர்த்திக்கு எவ்வளவு ஏறும் என்று முதலில் அவர்களையே ஊகித்து எழுதச் சொல், தண்ணீர் எந்த நேரத்தில் ஏறுகிறது என்று பார்ப்பதற்கென்றே குழுவுக்கு ஒருவரை நிறுத்து. கடைசிப் பத்து நிமிடத்தைக் கேள்விகளுக்கென்றே விட்டுவை.

அப்போது யாராவது, "அப்படியென்றால் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதை எப்படி டீச்சர் கண்டுபிடிப்பது?" என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீ கேள். அதற்குத் தீயே வேண்டாம், துரு போதும். அண்ணே, இந்த வேலை உங்களுக்கு. ஊரில் ஏதாவது லேத் பட்டறையில் இரும்புத்தூள் ஒரு பொட்டலம் வாங்கிக்கொடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான கம்பி நார் துருப்பிடிக்காது, அதை வாங்கிவிடாதீர்கள். சோதனைக்குழாயின் உள்பக்கத்தை நனைத்து, தூளைத் தூவி ஒட்டவைத்து, தண்ணீருள்ள கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்துங்கள். இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க ஆக்சிஜன் அதோடு சேர்ந்துகொள்ளும், அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறும். 15 சென்டிமீட்டர் குழாய் என்றால் 3 சென்டிமீட்டர் அளவில் வந்து நின்றுவிடும். வீட்டில் ஒரு முறை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை விட்டே வகுப்பில் வைக்கச் சொல், பாப்பா. திங்கட்கிழமை காலையில் அந்தப் பையன் கையில் ஸ்கேலைக் கொடு, அவன் அளந்து சொல்லட்டும். எவ்வளவு ஏறியிருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடு.