தாய்ப்பால் கொடுக்கும்வரை மறுபடி உண்டாகாது என்கிறார்களே, உண்மையா?

கேட்டவர் சொன்ன விவரம் இதுதான்: குழந்தைக்கு ஏழு மாதம். தாய்ப்பால் குடிக்கிறது, ஆறு முடிந்ததும் சாதமும் ஊட்ட ஆரம்பித்தாயிற்று. பிரசவத்துக்குப் பிறகு மாதவிடாய் இன்னும் வரவில்லை. "பிள்ளை பால் குடிக்கிற வரைக்கும் ஒன்றும் தங்காது" என்கிறார் மாமியார். அதை நம்பி இருக்கலாமா?

மாதவிடாய் வராததைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆனால் கரு தரிக்காது என்று இனிமேல் நம்பி இருக்காதீர்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது, சாதமும் ஊட்டுகிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தாலே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போய்விடுகிறது.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் தூரமே வரவில்லை. இரண்டாவதில் நாலாம் மாதமே வந்துவிட்டது. பத்தியமும் அதேதான், சாப்பாடும் அதேதான். மூத்தவள் ராத்திரி முழுக்க மார்பை விடாமல் குடித்தவள். இளையவன் எட்டு மணிக்குக் கண்ணை மூடினால் விடியற்காலைதான் எழுந்திருப்பான். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான், காரணமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்பும்போது அந்தத் தூண்டுதல் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. அதே சமயம், சினைப்பையை வேலை செய்யச் சொல்லி மூளை விட்டு விட்டு அனுப்பும் ஹார்மோன் சமிக்ஞை அடங்கிவிடுகிறது. சமிக்ஞை இல்லையென்றால் கருமுட்டை முதிர்வதில்லை, மாதவிடாயும் வருவதில்லை. ஆக, வேலை செய்வது சப்புதல்தான். எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில் என்பதுதான் கணக்கு. புரோலாக்டின் இரவில் இன்னும் அதிகமாக ஏறும் என்பதால் ராத்திரிப் பாலுக்கு மதிப்பு அதிகம். அறுவை சிகிச்சையில் பிறந்ததா, சுகப்பிரசவமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பால் கொடுக்காத தாய்மார்களில் சிலருக்குப் பிரசவமான நாலு வாரத்திலேயே கருமுட்டை வெளிவரத் தொடங்கிவிடும்.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் பிள்ளை அம்மா இடுப்பிலேயே கிடந்தது, கேட்டபோதெல்லாம் குடித்தது, ஒரே பாயில் படுத்தது. பால் பவுடரும் கிடையாது, பாட்டிலும் கிடையாது. அப்படி இருந்த பலருக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று தள்ளிப்போனது உண்மைதான். அதை மருத்துவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில் வல்லுநர்கள் கூடி, தாய்ப்பாலையே ஒரு தற்காலிகக் கருத்தடை முறையாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனை உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, அல்லது ஏறக்குறைய அது மட்டுமே ஆகாரமாக இருக்க வேண்டும். பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது என்று இதற்குக் கணக்குச் சொல்வார்கள். மூன்றும் சரியாக இருந்தால் அந்த ஆறு மாதத்தில் கரு தரிப்பது நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் படும் உதிரத்தை மாதவிடாய் என்று எண்ண வேண்டாம். முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுப்பவருக்கு முதல் 56 நாளுக்குள் படுவதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் பக்கத்தில் இந்த நிபந்தனைகள் எங்கே அறுபடுகின்றன என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் ஓரகத்தி பிள்ளைக்கு அஞ்சு மாதம் இருக்கும்போது சம்பா நடவுக்குப் போனாள். காலையில் ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் கரையேற மதியம் இரண்டாகிவிடும். அதுவரை பிள்ளை அப்பாயியிடம். அழுதால் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் கஞ்சித் தண்ணி. சாயங்காலமும் ராத்திரியும் அவள் பால் கொடுத்தாள், அதனால் "தாய்ப்பால் கொடுக்கிறேன்" என்று அவள் சொன்னதில் தப்பு இல்லை. தூரமும் வரவில்லை. வயிறு உப்பசமாக இருக்கிறது, பிள்ளைப்பெத்த உடம்பு இன்னும் சரியாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, உள்ளே அசைவு தெரிந்தபோது நாலு மாதம் தாண்டியிருந்தது. "ஒரு மாசம்கூட தலைக்குக் குளிக்கலையே, எப்படி?" என்று ஊரே கேட்டது.

நடவுக்குப் போகிறவளைக் குறை சொல்லவே முடியாது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் பிரசவ விடுப்பு ஒரு வருஷம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைத் தாய்மார்களுக்கு 18,000 ரூபாய் வரை உதவி உண்டு, அது நல்ல உதவி. ஆனால் வயலில் இறங்குகிறவளுக்கு விடுப்பு என்ற ஒன்று கிடையாது. அவளுக்குத்தான் இந்த விவரம் முதலில் போய்ச் சேர வேண்டும். அவளுக்குத்தான் கடைசியாகவும் போகிறது. அதுதான் எனக்கு ஆற்றாமை.

வயல் வேலை இல்லாத வீட்டிலும் இடைவெளி விழும். ஐந்தாம் மாதம் அம்மா வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு வந்ததும் வேலைகள் தலைமேல் ஏறும். பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு உரை மருந்து புகட்டுவது, வயிற்றுவலிக்கு கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணி என்று சின்னச் சின்னதாக வயிறு நிறையும்போது, பிள்ளை மார்பைத் தேடுவது குறையும். ஆறு மாதம்வரை இதெல்லாம் தேவையில்லை, தண்ணீர்கூட வேண்டாம் என்று செவிலியர்கள் சொல்வதற்குக் காரணம் குழந்தையின் வயிறு. அதில் தாயின் உடம்புக் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது.

தூரமே வராமல் எப்படி உண்டாக முடியும் என்ற கேள்விக்கு வருகிறேன், குழப்பமே இங்கேதான். மாதவிடாய் என்பது சுழற்சியின் ஆரம்பம் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. கருமுட்டை முதலில் வெளிவருகிறது. அது கருவாகாமல் போனால்தான், சுமார் இரண்டு வாரம் கழித்து உதிரம் வருகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்து பல நாள் கழித்துத்தானே கடைமடை வாய்க்காலில் ஈரம் தெரிகிறது? வாய்க்கால் காய்ந்திருக்கிறது என்பதால் அணை மூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால் மாதவிடாய் வராமலேயே கர்ப்பம் தொடர்ந்துவிடும். என் ஓரகத்திக்கு நடந்தது அதுதான்.

இதில் இன்னொரு விவரமும் உண்டு. முதல் ஆறு மாதத்துக்குள் வரும் முதல் மாதவிடாய் பல சமயம் முட்டை வெளிவராமலே வருகிறது. மாதம் ஏற ஏற, முட்டை முந்திக்கொண்டு உதிரம் பிறகு வரும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு பத்திரம் என்று நினைக்கிறோமே, அது தலைகீழ். உங்களுக்கு ஏழு மாதம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது பழைய மாதிரி வராது. ஒரு மாதம் வந்து அடுத்த இரண்டு மாதம் காணாமல் போகும், ஒரு தடவை கொட்டும், அடுத்த தடவை சொட்டும். சில சுற்றுகள் போனால் ஒழுங்காகிவிடும். வருவதற்கு முந்தைய நாட்களில் முலைக்காம்பு வலிக்கலாம், பால் கொஞ்சம் குறைந்த மாதிரி தோன்றலாம். அடிக்கடி கொடுத்தால் சரியாகிவிடும். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீள்கிற மாதிரி இருந்தால் முட்டை வெளிவரும் நேரம் என்பார்கள். தெரிந்துகொள்ளலாம், ஆனால் பால் கொடுக்கும் காலத்தில் அதை மட்டும் நம்பி நாள் எண்ண வேண்டாம்.

தூரமானால் தாய்ப்பால் கெட்டுப்போகும், பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்று சொல்லி வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிப்பதை இன்றும் பார்க்கிறேன். மனசு பதறுகிறது. பால் கெடாது. குறைந்தது இரண்டு வயதுவரை தாய்ப்பால் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மறுபடி உண்டாகிவிட்டால்கூடப் பொதுவாகப் பாலை உடனே நிறுத்த வேண்டியதில்லை. முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், இப்போது உதிரம் படுகிறவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கவலைப்பட வேண்டிய நிலைமைகள் வேறு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிற அளவு உதிரம் போனால் காத்திருக்கக் கூடாது. பாலை முழுக்க நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் மாதவிடாய் வரவில்லையென்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தைராய்டு போன்றவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்தின்போது ரத்தம் மிக அதிகமாகப் போய், அதற்குப் பிறகு பாலும் சுரக்கவில்லை, மாதவிடாயும் வரவில்லை, எப்போதும் அசதி என்று யாராவது இருந்தால், மூளையடிச் சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். அது அபூர்வம், ஆனால் தள்ளிப்போடக் கூடாதது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை ஒன்று வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஒருவேளை இரண்டு கோடு வந்து கர்ப்பம் என்று தெரிந்தால், மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை கேட்டு வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். எத்தனை மாதம், எங்கே தங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரியாமல் போடுவது உயிருக்கே ஆபத்து. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் மருத்துவரிடம் போங்கள், கருக்கலைப்புக்கும் சட்ட வரம்புக்குள் அனுமதி உண்டு.

ஒரு கோடுதான் என்றால், புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய்விடுங்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ள வேண்டாம். அங்கே இலவசமாகவே பல வழிகள் உண்டு. ஆணுறை இன்றைக்கே தொடங்கலாம். 'சாயா' மாத்திரை ஹார்மோன் இல்லாதது, பாலைப் பாதிக்காது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. 'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைப் பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம்வரை எடுக்கக் கூடாது, அதற்குப் பிறகும் பால் குறையலாம் என்பதால் நான் அதை முதலில் சொல்ல மாட்டேன். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று இரண்டு வகையில் இருக்கிறது.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இழந்த ரத்தம் ஊற வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் அதற்காகத்தான், அதைப் பாதியில் நிறுத்தியிருந்தால் செவிலியரிடம் சொல்லி ரத்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்பதையும் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள், முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஏனென்றால் தேர்வு அதைப் பொறுத்தது. அந்தராவை நிறுத்திய பிறகு மறுபடி உண்டாக, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம்வரை ஆகலாம். காப்பர் டி அப்படியில்லை, எடுத்த மாதமே கரு தரிக்க வாய்ப்பு உண்டு. இரண்டு வருஷம் கழித்து இன்னொன்று வேண்டும் என்று நினைத்தால் நான் காப்பர் டியைத்தான் சொல்வேன். பரிசோதித்துவிட்டு உங்கள் உடம்புக்கு அது ஒத்துவருமா என்று மருத்துவர் சொல்வார்.