அழுத்தக் கட்டுப்படுத்தி இருந்தும் சிப்பில் ஓட்டம் நிலைபெறத் தாமதமாவது ஏன்?

பாட்டிலில் உள்ள நீரை அழுத்தத்தால் தள்ளும் கட்டுப்படுத்தியும் ஓட்ட உணரியும் ஓரிரு விநாடிகளில் நிலையான அளவைக் காட்டினாலும், சிப்பின் (நுண்கால்வாய்கள் கொண்ட சிறு தகடு) உள்ளே ஓட்டம் நிலைபெற ஒரு நிமிடத்துக்கும் மேலாகிறது, கருவி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உணரிக்கும் சிப்புக்கும் நடுவே சிலிக்கோன் குழாய் இருக்கும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன். கருவியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அந்தக் குழாயைப் பாருங்கள். அதைப் பார்க்கத் தவறியதால் நான் நான்கு மாதங்களை இழந்தேன்.

எங்கள் அமைப்பில் பாட்டிலிலிருந்து வரும் நீர் முதலில் உணரியையும், பிறகு தடைக்காக வைத்த 65 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள 10 செ.மீ. பீக் (கெட்டியான ஒரு பிளாஸ்டிக்) நுண்குழாயையும், கடைசியாக ஒரு மீட்டர் சிலிக்கோன் குழாயையும் கடந்து சிப்பை அடைந்தது. உணரி நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் என்று உறுதியாகக் காட்டும்போதே, நுண்ணோக்கியின் கீழ், நீரில் கலந்திருந்த நுண்ணிய மணித்துகள்கள் தயங்கித் தயங்கி வேகம் எடுத்தன. சிப்பில் அடைப்பு என்று நினைத்துப் புதிய சிப்புகள் செய்தேன், பயன் இல்லை. ஒரு மாலை வேலை முடிந்து சிலிக்கோன் குழாய்க்கு முன்னிருந்த வால்வை மூடிய பிறகும், தள்ளுவதற்கு எதுவும் இல்லாத நிலையில், துகள்கள் ஒரு நிமிடத்துக்கும் மேலாக நகர்ந்துகொண்டே இருந்ததைக் கண்டபோதுதான் எங்கோ நீர் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று புரிந்தது.

சேமித்தது குழாய்தான். உள்விட்டம் 1 மி.மீ., வெளிவிட்டம் 3 மி.மீ., யங் குணகம் (பொருளின் விறைப்பைக் குறிக்கும் அளவு) சுமார் 3 மெகாபாஸ்கல் என்று கொண்டால், ஒரு பார் அழுத்தத்தில் அந்த ஒரு மீட்டர் குழாய் உப்பி ஏறத்தாழ 90 மைக்ரோலிட்டர் நீரைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். அது மின்தேக்கி போன்றது. சிப் மின்தடை போன்றது. 100 மைக்ரோமீட்டர் அகலம், 50 மைக்ரோமீட்டர் உயரம், 2 செ.மீ. நீளம் கொண்ட எங்கள் கால்வாயின் தடையோடு பெருக்கினால் நேர மாறிலி (ஓட்டம் இறுதி அளவில் சுமார் 63 சதவீதத்தை எட்ட ஆகும் நேரம்) சுமார் 25 விநாடி வருகிறது. ஓட்டம் 95 சதவீதத்தை எட்ட அதைப்போல் மூன்று மடங்கு நேரம் வேண்டும். அதுவரை உணரி அளந்த நீரின் ஒரு பகுதி குழாயை உப்ப வைக்கவே போய்க்கொண்டிருந்தது. ஆகவே உணரி பொய் சொல்லவில்லை, அது சிப்பின் ஓட்டத்தை அளக்கவில்லை, அவ்வளவே.

அழுத்தத்தால் இயக்கும்போது குழாயின் நெகிழ்ச்சி பொருட்டே இல்லை, அது சிரிஞ்ச் பம்பின் நோய் என்று சிலர் மறுப்பார்கள். தடைக் குழாய் இல்லாத அமைப்புக்கு அது சரியே: சிலிக்கோன் குழாயின் சொந்தத் தடை சிப்பின் தடையில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இராது, எனவே பாட்டிலின் அழுத்தம் அதை ஒரு விநாடிக்குள் நிரப்பிவிடும். ஆனால் குழாய்க்கு முன்னால் பெரிய தடையை வைத்தாலோ, உணரியின் அளவை நிலைநிறுத்தும்படி கட்டுப்படுத்தியைப் பணித்தாலோ, அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. நான் இரண்டையும் செய்திருந்தேன்.

சிலிக்கோன் குழாய்க்குப் பதிலாக, வெளிவிட்டம் 1.6 மி.மீ., உள்விட்டம் 0.5 மி.மீ. உள்ள டெஃப்லான் குழாயைப் பொருத்தினேன். அதே ஒரு பார் அழுத்தத்தில் அது ஒரு மீட்டருக்கு 0.2 மைக்ரோலிட்டருக்கும் குறைவாகவே உப்பும், தாமதம் மறைந்தது. குழாயை வெளியிலிருந்து நசுக்கி ஓட்டத்தை நிறுத்தும் பிஞ்ச் வால்வுக்காக மென்குழாய் கட்டாயம் தேவையென்றால், அதைத் தடைக்கு முன்னால், பாட்டில் பக்கத்தில் வையுங்கள்.

நான் படித்த எத்தனையோ கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் "நெகிழ்குழாயால் இணைத்தோம்" என்ற ஒற்றை வரியே இருந்தது. நீளமும் உள்விட்டமும் பொருளும் அங்கே எழுதப்பட்டிருந்தால் என் நான்கு மாதங்கள் மிஞ்சியிருக்கும் என்பதை இன்றும் வருத்தத்தோடே நினைக்கிறேன்.

உங்கள் குழாயைப் பாதியாக வெட்டி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தாமதம் ஏறத்தாழப் பாதியானால் குழாயே காரணம்; மாறவில்லையென்றால், உணரிக்குப் பிந்திய இணைப்புகளில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறதா என்று தேடுங்கள்.