பனியில் கறுப்பு லாப்ரடார்: பனி ஏன் சாம்பலாக வருகிறது?

நண்பர்களோடு போய் எடுத்த படங்களில் பனி அழுக்குச் சாம்பலாகவும், உங்கள் கறுப்பு லாப்ரடார் வெறும் நிழலாகவும் வருகிறது என்கிறீர்கள். கேமராவில் கோளாறில்லை. அதற்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். படச்சட்டம் (ஃபிரேம்) முழுக்க வெண்பனி என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1இல் தொடங்கி, ஹிஸ்டோகிராம் (இருட்டு முதல் வெளிச்சம் வரையிலான பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை முட்டாதவரை +1.7 வரை ஏற்றுங்கள். நாயின் முகமே சட்டத்தை நிறைத்தால் கணக்கு தலைகீழ்: −0.7 வையுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு ரோமம் வெளிறிப்போகும். எதுவானாலும் ரா (பதப்படுத்தாத மூலக்) கோப்பாகவே எடுங்கள்.

ஓடும் நாய்க்கு ஷட்டர் 1/1000 நொடியாவது வேண்டும். கறுப்பு முகத்தில் ஃபோகஸ் தடுமாறும். வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்றால் கண்ணில் ஒளிப்புள்ளி தெரியும், ஃபோகஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். கீச்சுப் பொம்மையை ஒரே ஒரு நண்பரிடம் கொடுத்து உங்கள் லென்ஸுக்கு மேலே பிடிக்கச் சொல்லுங்கள். நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டால் நாய் யாரைத்தான் பார்க்கும்?

வீட்டுக்குள் நுழையுமுன் மெமரி கார்டை எடுத்துவிட்டு, கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது. திறந்தால் லென்ஸில் ஈரம் பூக்கும். உபரி பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு நாயின் பாதத்தை எரிக்கும். அது நக்குவதற்குள் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள்.