சூப்பர்வைசர் ஆக்கினார்கள், சொல்லித்தர ஆளில்லை!

கேள்வி: மும்பையில் குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம் ஒன்றில் ஏழு வருடம் களப்பணி செய்தேன். இரண்டு மாதத்துக்கு முன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என் கீழே ஆறு பேர், அதில் ஒரு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பயிற்சி எதுவும் தரவில்லை. ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சிக்கலான கேஸ் என்றால் நானே ஓடுகிறேன். இரவில் தூக்கம் வருவதில்லை. பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா?
- வாசகி, தாராவி

பதில்: அன்புத் தங்கைக்கு,

அவசரப்படாதீர்கள். நீங்கள் ஏன் ஓடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மீட்ட குழந்தையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், அது யாரிடம் இருப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாக வேண்டும். தாதர் ஸ்டேஷனில் தவிக்கும், புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்குப் போனில் சொல்லித்தருவதைவிட நாமே போவது சுலபம்தான். ஆனால் அவள் எப்போது கற்றுக்கொள்வாள்? கூடப் போங்கள், பேசுவதை அவளிடம் விடுங்கள். ஆபீஸ் திரும்பிக் கதவைச் சாத்தியபின் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். லோக்கல் ரயிலில் வேண்டாம், குழந்தையின் பெயர் யார் காதிலும் விழக்கூடாது.

நான் சூப்பர்வைசரான முதல் வருடம் எத்தனை வீடு பார்த்தாய் என்று மட்டுமே கேட்டேன். எல்லோரும் கணக்குக் கொடுத்தார்கள். ஒரு பெண் ஒரு வீட்டுக்கு ஆறு வாரமாகப் போகவே இல்லை. அங்கே இருந்த சித்தப்பாவிடம் அவளுக்குப் பயம். அதை என்னிடம் சொல்ல நான் அவளுக்கு இடமே தரவில்லை. அந்த ஆறு வாரம் அந்தக் குழந்தை தனியாக என்ன பட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருங்கள். 'எந்த வீட்டுக்குப் போகத் தயக்கமா இருக்கு?' என்று முதலில் கேளுங்கள். ரிஜிஸ்டர் அப்புறம்.

குழந்தையின் வீட்டு நிலையைப் பார்த்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்கச் சொல்கிறது சட்டம். அந்த அவசரத்தில் 'தாய் அக்கறையற்றவர்' என்று எழுதி வருவார்கள். திருப்பிக் கொடுங்கள். 'கண்ணால என்ன பார்த்தே?' என்று கேளுங்கள். மாலையில் குழந்தை தனியாக இருந்தது, தாய் வீட்டுவேலை முடித்து எட்டு மணிக்கு வருகிறார், பக்கத்து வீட்டுப் பாட்டி சாப்பாடு கொடுக்கிறார் என்று பதில் வரும். அந்தக் குழந்தை காப்பகத்துக்குப் போகுமா, அம்மாவிடமே இருக்குமா என்பது இந்த விவரத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று, நம் பகுதியில் அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும், பணியாளருக்கு மராத்தி. நடுவில் குழந்தையே மொழிபெயர்த்தால், அடித்தது யார் என்பது வெளியே வரவே வராது. தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

மூத்தவரை அக்கா என்றே கூப்பிடுங்கள், அதில் உங்கள் மதிப்பு குறையாது. ஆனால் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அஞ்சினாலோ போலீஸில் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கடமை. அங்கே 'அக்கா சொல்றாங்க, பொறுத்துப் பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது.

நிறுவனத்திடம் பயிற்சியை எழுத்தில் கேளுங்கள். பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் 'சம்வாத்' பிரிவு குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. உங்களுக்கு மேலே இருப்பவரிடம் உங்களுக்கென்றும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள், தூக்கம் போனதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த வாராந்தர ஒரு மணி நேரத்தை யாரிடம் தொடங்குவது என்று யோசிப்பீர்கள். நானாக இருந்தால் அந்த அக்காவிடம்தான் தொடங்குவேன்.